ரீடிங் எழுதுகிறவன்



பிப்ரவரி முதல் வாரம் பக்கத்து டவுனில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரருக்கு போன் செய்தேன். ஏப்ரல் 14 அன்று ஒரே ஒரு கிடார் ஆம்ப் வாடகைக்கு வேண்டும். "எந்த ஊரும்மா?" சொன்னேன். "ஊரா, காலனியா?" அதையும் சொன்னேன். "அன்னைக்கு எல்லாமே புக் ஆயிடுச்சும்மா." நாளுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. இந்த மாதிரி புக்கிங்குகளைப் பற்றி இங்கே நிறைய எழுதிவிட்டேன். இன்றைக்கு எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அதில் யாரைக் குற்றம் சொல்வது என்பது அவ்வளவு சுலபமில்லை. ஏனென்றால் அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

எங்கள் மாலை நேரப் படிப்பகத்துப் பிள்ளைகள் ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். இரண்டு பறை, ஒரு சட்டி, பாட மூன்று பேர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு எலெக்ட்ரிக் கிடார். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடை ஏறியபோது இவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். அந்தக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பறைக்குப் பக்கத்தில் கிடார் நிற்கலாம் என்று இவர்களுக்குத் தெரிந்தது. வசூல் செய்து வாங்கிய ஒரு சின்ன மிக்சரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் எங்களிடம் உண்டு. ஆம்ப்தான் இல்லை.

சரி, கிடாரை நேராக மிக்சரில் சொருகிப் பார்த்தோம். கொசு பாடுகிற மாதிரி இருந்தது. கிடாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருள்தான். அதிலிருந்து வருவது மிகச் சின்ன மின்சாரம். அதை வாங்கிக்கொள்கிற பக்கம் 10 லட்சம் ஓம் அளவுக்கு எதிர்ப்பு காட்டினால்தான் அந்த ஓசை முழுசாக நிற்கும். மிக்சரின் சாதாரண லைன் இன்புட் சில பத்தாயிரம் ஓம்தான். ஓசையின் மேல்பகுதியை அதுவே தின்றுவிடுகிறது. அதோடு நாம் கிடார் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி கிடாருடையதே இல்லை. ஆம்ப் அதை வளைத்து, நசுக்கி, ஓரம் தேய்த்து அனுப்புகிற சத்தம் அது.

குழுவில் கிடார் வாசிப்பவன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. அவன்தான் சொன்னான்: "அக்கா, ஆம்ப் வேணாம். ஆம்ப் மாதிரி நடிக்கிற ஒரு சர்க்யூட் கட்டினா போதும்."

இதை அவன் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுக்க வீட்டு மேசையில் கட்டுகிறவர்கள் பல வருடமாகச் செய்கிற வேலை. பழைய கிடார் ஆம்புகள் வால்வில் ஓடுபவை. 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு அவற்றில் மிகச் சாதாரணம். அதற்கு 250, 300 வோல்ட் வேண்டும். உள்ளே கை பட்டால் ஆளையே கொன்றுவிடும். ஆனால் ஜேஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர் வால்வைப் போலவே நடந்துகொள்ளும். வால்வில் கிரிட், கேத்தோடு, பிளேட் என்றால் இதில் கேட், சோர்ஸ், டிரெயின். அதனால் பழைய ஆம்பின் வரைபடத்தை எடுத்து, வால்வு இருக்கும் இடத்தில் ஜேஃபெட் போட்டு, 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாம். அதிகமாகத் தள்ளினால் அலையின் ஒரு பக்கம் முதலில் மழுங்கும், அப்புறம் மறுபக்கம். அந்த மழுங்கலில்தான் அந்தக் கரகரப்பு இருக்கிறது.

அந்தக் கரகரப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்யப் போனது ஐக் டர்னரின் கறுப்பினக் குழு. வழியில் கிடார்காரர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் அடிபட்டுப் போனதாகவும், கிழிந்த ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசித்ததாகவும் சொல்வார்கள். பழுதான அந்தச் சத்தத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். பிளாக் பாந்தர்ஸ் பெயரைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்ஸ் தொடங்கிய கதையை வகுப்பில் சொல்லும்போது இனி இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஃபெண்டர் ஆம்பின் முன்பகுதியை ஒட்டிய ஒரு வரைபடம். மூன்று ஜேஃபெட். முதலாவதுக்குப் பின்னால் டிரெபிள், மிட், பாஸ் பிரிக்கும் பகுதி: 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 250 பிகோஃபேரட், 0.1 மைக்ரோஃபேரட், 0.047 மைக்ரோஃபேரட் என மூன்று கெப்பாசிட்டர். இந்தப் பகுதியில் ஓசை நிறைய கரைந்துபோகும். அதைத் தூக்கி நிறுத்த இரண்டாவது ஜேஃபெட், கரகரப்புக்கு மூன்றாவது. சென்னைக்கு ஒரு கூட்டத்துக்குப் போனபோது ரிச்சி தெருவில் எல்லாம் வாங்கிவந்தேன். பெட்டிக்குப் பழைய டிபன் பாக்ஸ். மொத்தச் செலவு ஒரு நாள் ஆம்ப் வாடகையை விடக் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் உட்கார்ந்தோம். மேசையில் டாட் போர்டு, ஈயம், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். அவன் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு மீட்டரை என் பக்கம் தள்ளினான். "நீங்க வைங்கக்கா, நான் ரீடிங் எழுதுறேன்."

நான் வாங்கிக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சமூகவியலில் முதுகலை முடித்தவள், உழைப்பைப் பற்றி நூறு பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவேன். அதுவரை ஈயம் வைத்து ஒரு ஒயரைப் பத்தவைத்தது கிடையாது. அன்று மூன்று மணி நேரம் நான்தான் பத்தவைத்தேன். அவன் எண்களைச் சொன்னான், எழுதினான், புகை என் கண்ணில் படாமல் அட்டையால் விசிறினான்.

ஸ்விட்ச் போட்டோம். சத்தமே இல்லை. இரைச்சல்கூட இல்லை.

இரண்டு வாரம் அது அப்படியே கிடந்தது. பிறகு பக்கத்துத் தெருப் பெரியப்பாவைக் கூட்டிவந்தேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து டவுனில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தவர். கடை முதலாளி முன்னால் உட்கார்ந்து செட் வாங்கி வைப்பார். இவர் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சரிசெய்வார். செட் எடுத்துவந்தவர்களுக்கு இவர் முகம் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய பெரிய செட் என்றால் முதலாளி வேறு ஆளை அனுப்புவார். அந்த ஆள் திரும்பிவந்து இவரிடம் சந்தேகம் கேட்பான். லியோ ஃபெண்டர்கூட 1938இல் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்துத் தொடங்கியவர்தான். கிடார் வாசிக்கத் தெரியாதவர். அவர் கடைக்கு அவர் பெயர் இருந்தது என்பது ஒரு வித்தியாசம்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு கால் பூச்சியெல்லாம் எனக்குப் பழக்கம் கம்மி. இது டிஸைன் யாருக்குத் தெரியும்?" அவன் கை தூக்கினான், வகுப்பில் தூக்குகிற மாதிரி. "அப்ப மீட்டரு ஏன் பாப்பா கையில இருக்குது? அவன்கிட்ட குடும்மா."

கொடுத்தேன். அவன் தயங்கினான். கறுப்பு ஒயரை கிரவுண்டில் வைத்து, சிவப்பு ஒயரை முதல் டிரான்சிஸ்டரின் டிரெயினில் வைக்கும்போது அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன். ஒரு பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவனின் கை. அப்போதுதான் கேட்டேன். சொன்னான்.

லேபில் ஐந்து பேருக்கு ஒரு பேட்ச். ஃபெட் சோதனைக்கு பிஎஃப்டபிள்யூ10 என்ற டிரான்சிஸ்டர், நம் ஊர்க் கல்லூரிகளில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். இவன் பேட்ச்சில் இரண்டு பேர் ஒயர் சொருகுவார்கள், ஒருத்தன் பவர் சப்ளை திருப்புவான், ஒருத்தன் மீட்டர் பார்ப்பான். இவன் ரீடிங் எழுதுவான். முதல் செமஸ்டரில் ஒரு முறை இவன் ஒயர் சொருகப் போனபோது ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "டேய், நீ கை வெச்சா ஷாக் அடிச்சிடப்போவுது, நாங்க பாத்துக்கறோம்." லேப் அசிஸ்டென்ட்டும் சிரித்தாராம். அடி இல்லை, வசவு இல்லை, சாதிப் பெயர் சொல்லவில்லை. புகார் எழுத ஒரு வரி கிடைக்காது. மூன்று வருடம் ரீடிங் எழுதினான்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்கியது என்று அண்ணல் 1936இல் எழுதியதை எத்தனையோ முகாம்களில் விளக்கியிருக்கிறேன். அன்று மூன்று மணி நேரம் மீட்டரை நான் வைத்திருந்தபோது அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவன் தள்ளினான், நான் எடுத்துக்கொண்டேன். படித்த அக்கா. அவ்வளவுதான் நடந்தது.

திரும்ப போர்டுக்கு வருகிறேன். முதல் டிரெயினில் ஒரு வோல்ட்டுகூட இல்லை. அங்கே 9இல் பாதி, நாலரை வோல்ட் நிற்க வேண்டும். அலை மேலேயும் கீழேயும் ஆட அப்போதுதான் இடம் இருக்கும். பெரியப்பா ஒரு 0.1 கண்டன்சரை ஒயர் நுனியில் பத்தவைத்து, மறுமுனையை மிக்சரில் கொடுக்கச் சொன்னார். கிடாரை ஒருத்தி தட்டிக்கொண்டே இருக்க, அந்த நுனியால் இன்புட்டிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். எந்த இடத்தில் சத்தம் செத்துப்போகிறதோ அங்கே பழுது. கேட்டில் சத்தம் இருந்தது. டிரெயினில் இல்லை.

அவன் டிரான்சிஸ்டரை உற்றுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அக்கா, மூணுமே திருப்பிப் போட்டிருக்கு."

ஜே201இன் தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்து, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து டிரெயின், சோர்ஸ், கேட். நான் கீழிருந்து பார்ப்பது போல வரைந்த ஒரு படத்தை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன். கேட் இருக்க வேண்டிய இடத்தில் டிரெயின், டிரெயின் இடத்தில் கேட். "அன்னைக்கே பார்த்தியா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பார்த்திருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். எழுதுகிறவன் சொல்லக் கூடாது என்று அவனுக்குப் பழகியிருந்தது.

மூன்றையும் கழற்றித் திருப்பிப் போட்டான். இந்த முறை அவனே பத்தவைத்தான். முதல் இரண்டு இடம் ஈயம் உருண்டையாக நின்றது. "ஈயத்த சூடாக்காதடா, காலைச் சூடாக்கு, ஈயம் தானா ஓடும்" என்றார் பெரியப்பா. மூன்றாவது இடத்திலிருந்து பளபளவென்று வந்தது.

இப்போது சத்தம் வந்தது. ஆனால் உயிர் இல்லை. டிரெயினில் உள்ள பிரிசெட்டைத் திருப்பி நாலரை வோல்ட் வைக்க வேண்டும். 100 கிலோ ஓம் பிரிசெட்டில் நடுவில் எங்கேயோ வர வேண்டியது, கிட்டத்தட்ட முழுக்கக் குறைத்த பிறகுதான் வந்தது. தடை அவ்வளவு குறைந்தால் ஓசை பெருகாது. பெரியப்பாவுக்கும் புரியவில்லை.

பிடித்தது அவன்தான். புதிதாக ஒரு டிரான்சிஸ்டரை எடுத்து கேட்டையும் சோர்ஸையும் ஒன்றாக முறுக்கி, டிரெயினில் 9 வோல்ட் கொடுத்து, நடுவில் மீட்டரை மில்லியாம்பியரில் வைத்தான். 6க்கு மேல் காட்டியது. "அக்கா, ஜே201க்கு இது 0.2லேர்ந்து 1க்குள்ளதான் இருக்கணும். டேட்டாஷீட்ல இருக்கு. இது ஜே201 இல்ல." வாங்கிய பத்தையும் சோதித்தான். பத்தும் அப்படியே. மேலே அச்சு மட்டும் ஜே201. பழைய மூன்று கால் வடிவத்தைப் பெரிய நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. அதனால் எதையோ எடுத்து அந்தப் பெயரை அச்சடித்து விற்கிறார்கள். கடைக்காரருக்கே தெரிந்திருக்குமா என்று தெரியாது. ஃபெட் வளைகோடு வரைந்து வரைந்து அந்த எண்களின் அளவு இவன் விரலிலேயே இருந்தது. லேபில் மீட்டர் பிடித்த நாலு பேருக்கு இருக்குமா?

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒதுக்கிவைத்ததால் நன்மை விளைந்தது என்று யாராவது எடுத்துக்கொண்டால் கோபம்தான் வரும். அவனுக்கு இரண்டும் கிடைத்திருக்க வேண்டும்.

எள்ளு மாதிரி இருக்கும் சர்ஃபேஸ் மவுண்ட் ஜே201 இன்னும் கிடைக்கிறது. இணையத்தில் வாங்கி, சின்ன அடாப்டர் போர்டுகளில் பத்தவைத்தோம். அந்த நிஜமான ஜே201கள்கூட ஒன்று போல் ஒன்று இல்லை. ஓட்டம் நிற்கும் வோல்டேஜ் மைனஸ் 0.3லிருந்து மைனஸ் 1.5 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. அதனால்தான் நிலையான ரெசிஸ்டர் போடாமல் பிரிசெட் போடுகிறார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, அதற்கு வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். இதை வைத்து சமத்துவம் பற்றி ஒரு உவமை சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது. வேண்டாம், டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராகவே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு வந்தவை சில்லறைப் பழுதுகள். பேட்டரிக்குப் பதில் அடாப்டர் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். பெரியப்பா காதை வைத்துக் கேட்டு, "நூறு சைக்கிள் ஹம். கண்டன்சர் பத்தல" என்றார். சப்ளை வரும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபேரட் ஒன்றும் வைத்ததும் முக்கால்வாசி போய்விட்டது. இன்புட் ஒயரும் அவுட்புட் ஒயரும் ஒட்டி ஓடியதால் விசில் அடித்தது. ஷீல்டு ஒயர் போட்டுப் பிரித்தோம். கரகரப்பு குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இருந்தது. கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் பாடாது, எங்கள் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பாடும். கடைசியில் 10 கிலோ ஓம், 3.3 நானோஃபேரட் ஜோடி ஒன்று போட்டோம். போதவில்லை. இன்னொன்று போட்டதும் குளவி அடங்கியது.

இன்னொரு சோதனையும் பெரியப்பா சொல்லிக்கொடுத்தார். மீட்டரே தேவையில்லை. ஸ்விட்சைப் போட்டு, கேட் கால் மேல் விரலை வைக்க வேண்டும். சுவரில் ஓடும் கரண்டின் முனகலை உடம்பு வாங்கித் தரும். ஸ்பீக்கரில் 'பும்' என்று கேட்டால் அதற்கு அப்புறம் எல்லாம் உயிரோடு இருக்கிறது. 9 வோல்ட்டில் மட்டும்தான், வால்வில் கனவிலும் செய்யாதே என்றார். பிள்ளைகள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகத் தொட்டார்கள். தொடும்போதெல்லாம் பெட்டி பதில் சொன்னது. கை வெச்சா ஷாக் அடிச்சிடப்போவுது என்று கேட்டவன் கடைசியாக வந்தான். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. எதுவும் பேசவும் இல்லை.

ஏப்ரல் 14 மாலை, முதல் பாட்டுக்கு முன் பெட்டி மறுபடி செத்தது. பைக்கில் வந்த குலுக்கலில் ஒரு பிரிசெட் நகர்ந்திருந்தது. மேடைக்குப் பின்னால் டார்ச் வெளிச்சத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தான். "அக்கா, ரீடிங் எழுதுங்க" என்றான். எழுதினேன். 7.9, 6.2, 4.5. மறுபடி நகராமல் இருக்க பாடகி ஒருத்தியின் நெயில் பாலிஷை பிரிசெட் மேல் ஒரு சொட்டு வைத்தான். ரோஸ் கலர். இன்னும் அதில் இருக்கிறது.

அன்றைய கிடார் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். பறை அதை அடிக்கடி மூழ்கடித்தது. ஆனால் நாலாவது பாட்டில் வால்யூமைத் திறந்துவிட்டான் பாருங்கள், பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார்.

இப்போது பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் அடுத்த பெட்டியைக் கட்டுகிறார்கள். கட்ட விரும்பும் தோழர்களுக்கு ஒன்று: டிரான்சிஸ்டர் வாங்கியதும் பத்தவைக்கும் முன் அத்தனையையும் அளந்துவிடுங்கள், கால்களை டேட்டாஷீட்டில் பாருங்கள், என்னை மாதிரி படத்தை நம்பாதீர்கள். புதுப் பெட்டியில் வால்யூம் பாதியைத் தாண்டினால் விசில் அடிக்கிறது. கிரவுண்டை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தோம், போகவில்லை. இந்த ஞாயிறு மறுபடி திறக்கிறோம். மீட்டர் யார் கையில் என்று அந்த இரண்டு பேருக்கும் இப்போதே சண்டை.